ஏரி வெட்டியவன் எந்த ஏட்டில்?

மேல்சித்தாமூரில் கூட்டம் முடிந்தது. மேடையை விட்டு இறங்கினோம். கைத்தறித் துண்டு போர்த்தினார்கள்; கைகுலுக்கினார்கள்; காராச்சேவும் தேநீரும் கொடுத்தார்கள். எல்லாம் கொடுத்த தோழர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள் – கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்ல! செஞ்சிக்குப் போகவும் வண்டியில்லை. திண்டிவனத்துக்குப் போகவும் வண்டியில்லை.

"அதனாலென்ன அண்ணே, படிப்பகத்திலேயே படுத்துக்கலாம்" என்றார்கள். பாய் விரித்தார்கள், தலையணை தந்தார்கள். தூங்க விட்டார்களா? அதுதான் இல்லை! பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கல்குவாரியில் பாறை உடைப்பவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், மல்லாட்டை மூட்டை தூக்குபவர் இருவர், மற்றவர்கள் வயல் வேலைக்குப் போகிறவர்கள். "அரசியல் ரெண்டு மணி நேரம் கேட்டாச்சு. நீங்க இப்ப என்ன நாவல் படிச்சீங்க, அதைச் சொல்லுங்க" என்றார் பாறை உடைப்பவர். நாவல் படிப்பது நேரத்தைப் பாழாக்குவது என்று எண்ணும் பெரிய மனிதர்கள் பட்டணத்தில் இருக்கிறார்கள். பாறை உடைத்துக் காய்த்துப்போன கை நாவலைத் தேடுகிறது! அந்தக் கைக்கு அன்றிரவு சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம். அன்று சொல்ல மறந்ததையும் சேர்த்து.

படிப்பகத்து அலமாரியில் முதலில் கண்ணில் பட்டது 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம். அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து – நன்றாகப் படிக்கப்பட்ட நூல் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வந்த கதை. 2022-இலும் 2023-இலும் திரைப்படமாகவும் வந்து, படிக்காதவரையும் படிக்கவைத்த கதை. நாமும் மறுபடி படித்தோம். மறைப்பானேன்? விடியும் வரை படித்தோம்! கல்கிக்குக் கதை சொல்லத் தெரியும். நாம் எதிர்வரிசைக்காரர்கள்தாம், அதற்காக இனிப்பைக் கசப்பு என்று சொல்லும் நாக்கு நமக்கு இல்லை.

ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு, ஒரு கேள்வி நம்மை விடவில்லை. ரவிதாசன் யார்?

கதையில் அவன் மந்திரவாதி. காட்டில் கூடுவான், நள்ளிரவில் ஆந்தை போல் அலறுவான், பாண்டியனுக்காகச் சதி செய்வான். ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றிக் கிடக்கும் இருளில் அவன் கண்கள் மின்னும். சரி. கல்வெட்டில் அவன் யார்? காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் இருக்கிறது, இராசராசன் ஆட்சித் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல். கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய கல். அதிலே ரவிதாசனும் வருகிறான். மந்திரவாதி ரவிதாசனாக அல்ல. பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டத்தோடு வருகிறான்! பரமேசுவரன் வருகிறான், இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்ற பட்டத்தோடு! பிரமாதிராசன் என்பது எந்தக் குலத்து அதிகாரிக்குத் தரப்பட்ட பட்டம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். கல்லில் பட்டுடுத்தி நின்ற அதிகாரி, கதைக்கு வரும்போது காட்டு மந்திரவாதி ஆகிவிடுகிறான். கல் சொன்னதைக் கதை சொல்லவில்லை. கல்கி வேண்டுமென்றே செய்தாரா, கதைச் சுவைக்காகச் செய்தாரா என்று வழக்காட நாம் வரவில்லை. கதையாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு. அதைப் படித்துவிட்டு, இதுதான் சோழர் வரலாறு என்று மீசை முறுக்குகிறானே நம் தம்பி, அவனிடம்தான் நமக்குப் பேச்சு.

இன்னொன்று. கதை தொடங்குவது ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக் கரையில். கடல் போன்ற ஏரி; குதிரையில் வந்தியத்தேவன். இளவரசர் இராசாதித்தர் தம் படைவீரர்களைக் கொண்டு வெட்டிய ஏரி என்று கல்கி சொல்கிறார். சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிடுகிறார். மூட்டை தூக்கும் தோழர் அந்த இடத்தில் குறுக்கிட்டார்: "அண்ணே, அம்மாம் பெரிய ஏரியிலே மண்ணு எடுத்தவன் எத்தனை பேரு செத்திருப்பான்? ஒருத்தன் பேருகூடவா இல்லே?" இல்லை தோழரே! ஐந்து பாகத்திலும் தேடினோம். அரசன் பெயர் இருக்கிறது, அரசனின் குதிரையை நமக்குத் தெரியும், அரசி சூடிய பூவும் நமக்குத் தெரியும். சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் வீராணம் அதே ஏரிதான். தண்ணீர் வருகிறது. மண் சுமந்தவன் மட்டும் வரவில்லை.

செஞ்சி வட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதா என்ன? கோட்டையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள். கோனார்கள் எழுப்பிய கோட்டை என்பது மரபு. பிறகு நாயக்கர், பீசப்பூர் படை, 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 2025 சூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மகிழ்ச்சி! எந்தப் பெயரில்? 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற வரிசையில், மகாராட்டிரத்தின் 11 கோட்டைகளோடு பன்னிரண்டாவதாக. மராட்டியர் ஆண்டதை நாம் மறுக்கவில்லை. அவர்கள் கட்டிய மதிலும் அங்கே நிற்கிறது. ஆடு மேய்த்த கோனாரின் பெயர் எந்த வரிசையில் ஏறும் என்றுதான் கேட்கிறோம்.

இந்த நேரத்தில் படிப்பகத்துக்குள் ஒரு பெரியவர் வந்தார். நயினார். எண்பதை நெருங்கும் வயது. மேல்சித்தாமூரில் நயினார் வருவது வியப்பல்ல. தமிழ்ச் சமணரின் தலைமை மடமான சினகாஞ்சி மடம் இருக்கும் ஊரல்லவா! பாறையில் செதுக்கிய மலைநாதர் கோயில் ஒருபுறம், பார்சுவநாதர் கோயில் ஒருபுறம். பெரியவர் நாம் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்து, மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கல்கியோட 'சிவகாமியின் சபதம்' நானும் வாலிபத்திலே படிச்சேன். அழுதுகிட்டே படிச்சேன். ஆனா அந்த நாகநந்தியைப் படிக்கிறப்ப மட்டும் புத்தகத்தை மூடி வெச்சிடுவேன்."

நாகநந்தி பௌத்தத் துறவி ஆயிற்றே, சமணர் அல்லவே என்றோம் நாம். "துறவி உடுப்புன்னா உள்ளே கத்தி இருக்கும்னு ஊர் புள்ளைங்க நெனைச்சுட்டா, அது எந்தத் துறவின்னு யாரு தம்பி பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?" என்றார் அவர்.

சுருக்கென்று தைத்தது. 1944-இல் தொடங்கிய தொடர்கதை. எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஒரு முறையாவது இந்தக் கண்ணால் பார்த்தோமா? நாகநந்தி ஒற்றன், சதிகாரன், நஞ்சு போன்றவன். அதே கதையில் மகேந்திர பல்லவன் மாறுவேடம் போடுகிறான். வச்சிரபாகு என்று பெயர் வைத்துக்கொண்டு எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவுகிறான். அரசன் வேடம் போட்டால் இராசதந்திரம்! துறவி போட்டால் வஞ்சகம்! அமணரைக் கழுவில் ஏற்றியதைப் புண்ணியக் கதையாகச் சொல்லிவந்த நாடு இது. எண்ணாயிரம் என்ற கணக்கு புராணக் கணக்கு. வரலாற்றுச் சான்று கேட்டால் வாய் மூடும். ஆனால் கணக்கு பொய்யானாலும், கழுவேற்றியதைக் கொண்டாடிய மனம் பொய்யில்லையே!

துறவியின் மடியில் கத்தி இருந்ததா, எழுத்தாணி இருந்ததா? திருத்தக்கதேவர் துறவி, எட்டு மணம் செய்த சீவகனின் கதையைப் பாடினார். 'நன்னூல்' தந்த பவணந்தி துறவி. சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887-இல் அச்சேற்றியபோது, பொருள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் கேட்டுத்தான் தெளிந்தார். அவரே அதை நன்றியோடு எழுதிவைத்தார். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. பட்டினி கிடந்து சாவதில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பிறர் உயிரை எடுக்காமல் தன் உயிரை மட்டும் எடுத்துக்கொண்ட மனிதனைக் குத்துவாளோடு கதையில் ஓடவிட்டால், நயினார் புத்தகத்தை மூடத்தான் செய்வார்.

இதைவிட நம் தேசிங்குப் பாட்டுக்காரன் பெரியவன்! 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டவன் தேசிங்கு. அவன் கதையைக் கட்டியவன் பள்ளிக்கூடம் பார்த்திருக்க மாட்டான். ஆனால் தேசிங்கின் நண்பன் மகமத்கான் மணக்கோலத்தோடு போர்க்களத்துக்கு ஓடி வந்ததைப் பாடிப் பாடி அழவைத்தான். எதிரியும் முசுலிம், நண்பனும் முசுலிம். தெருப்பாட்டுக்காரனுக்குத் தெரிந்த நாகரிகம் அது.

அரசர் கதை போதும் என்று தோழர்களே சொன்னார்கள். "நம்ம காலத்துக் கதை சொல்லுங்க."

அண்மையில் அடுத்தடுத்து இரண்டு நாவல்கள் படித்தோம். ஒன்று பழையது – அண்ணாவின் 'ரங்கோன் ராதா'. மற்றொன்று இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அண்ணாவின் கதை, கலைஞரின் திரைக்கதையில் 1956-இல் படமாகவும் வந்தது. வயதான தோழர்கள் பார்த்திருப்பார்கள். கோட்டையூர் தர்மலிங்க முதலியார் – ஊருக்குப் பெரிய மனிதர், பக்திமான், பரோபகாரி! வீட்டுக்குள்ளே? மனைவியின் தங்கையையும் அவள் சொத்தையும் அடைய, மனைவி ரங்கத்துக்குப் பேய் பிடித்தது என்று கதை கட்டுகிறார். பூசாரி வருகிறான், வேப்பிலை வருகிறது, அடி விழுகிறது. ஊர் நம்புகிறது. பேயை நம்பும் ஊரில் பெண்ணைப் பைத்தியமாக்குவது எவ்வளவு எளிது! அண்ணா சிரிக்கச் சிரிக்க எழுதுவார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்த நாவலில் சிரிப்புக்கு அடியில் நெருப்பு இருக்கிறது.

'செல்லாத பண'த்தில் நெருப்பு வெளியே வந்துவிடுகிறது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் காதலித்து மணக்கிறாள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அண்ணா ரங்கூனுக்கு அனுப்பினார்; இமையம் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவனைக் காட்டுகிறார்! ரேவதி எரிந்த உடலோடு புதுவை ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். அப்பா தலைமையாசிரியர், கையில் பணம் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார். எந்தச் சன்னலில் கட்டினால் மகள் உயிர் கிடைக்கும்? அந்த வராந்தாவை நாம் அறிவோம். செஞ்சியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் இரவோடு இரவாக ஆம்புலன்சில் போகிறவர்கள் எல்லாரும் அறிவார்கள். நாவலில் அழுகை சற்று நீளம்தான். ஒரு முப்பது பக்கம் குறைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆனால் காத்திருக்கிறவனுக்கு இரவு நீளம் என்பதும் உண்மைதானே.

ஆட்டோ ஓட்டும் தோழருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏண்ணே, ஆட்டோ ஓட்டுறவன்னாலே குடிகாரன், பொண்டாட்டியை அடிக்கிறவன்னு எழுதணுமா? பதினெட்டு வருசமா ஓட்டுறேன். என் வீட்டுக்காரியைக் கேட்டுப்பாருங்க!"

நியாயமான கோபம். அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. முதலாளி குடித்தால் விருந்து, தொழிலாளி குடித்தால் வெறி என்று எழுதும் பேனாக்கள் நாட்டில் நிறைய உண்டு. ஆனால் இந்த நாவலில் வேறொன்றும் இருக்கிறது தோழரே! வீட்டுக் கதவைச் சாத்திய அப்பன் இருக்கிறான். மகளின் மணத்தை மானக்கேடாக எண்ணிய படித்த குடும்பம் இருக்கிறது. தீக்குச்சி யார் கையில் இருந்தது என்று கேட்பவன் காவல்துறைக்காரன். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வாசல்கூட ஏன் இல்லாமல் போயிற்று என்று கேட்கிறது நாவல். இப்படிச் சொன்னோம். தோழர் முழுதாக ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டோம். "படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். அது போதும்.

அப்போதுதான் சச்சரவு வந்தது. அதே இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்', 1994-இல் வந்தது. அதைப் பற்றி நாம் பேச்செடுத்ததுமே ஒரு தோழர் – நல்ல உழைப்பாளி, கொடி கட்டுவதில் முதல் ஆள் – "அந்தப் புத்தகத்தை எரிக்கணும் அண்ணே!" என்றார்.

ஏன்?

"அவரு நம்ம இயக்கத்து ஆளு. ஒடுக்கப்பட்ட சனத்துக்குள்ளேயே ஒருத்தரை ஒருத்தர் மிதிக்கிறாங்கன்னு எழுதிட்டா, எதிரி அதை எடுத்துக் காட்டமாட்டானா? 'பாருங்கடா, இவனுங்க யோக்கியதையை'ன்னு சிரிக்கமாட்டானா?"

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறோம். ஆரோக்கியம் என்று ஒருத்தி. அவள் புருசன் சவுரி. புதிரை வண்ணார். காலனி மக்களின் துணி வெளுப்பவர்கள். ஊர் காலனியை ஒதுக்குகிறது. காலனி இவர்களை ஒதுக்குகிறது. பிள்ளைப்பேறா, ஆரோக்கியம் வேண்டும். சாவா, ஆரோக்கியம் வேண்டும். தீட்டுத்துணியா, ஆரோக்கியம் வேண்டும். இரவானால் சட்டியோடு வாசல் வாசலாக நின்று சோறு கேட்க வேண்டும். களத்தில் கூலியாக அள்ளிப்போடும் தானத்துக்குக் கைகட்டி நிற்க வேண்டும். தேவாலயம் இருக்கிறது, மாதா இருக்கிறாள். மதம் மாறியும் அவள் தலைச்சுமை மாறவில்லை. பிறகு காலம் மாறுகிறது. சலவைக் கடை வருகிறது, இளைஞர்கள் அங்கே போகிறார்கள். விடுதலையா? அதுவும் இல்லை. இருந்த சோறும் போகிறது. அடிமைத்தனமும் வயிறும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்ததை அந்தக் கிழவி அழுது அழுது சொல்லும்போது, நமக்குத் தொண்டை அடைத்தது.

சாதி ஒரு சுவர் அல்ல, ஏணி. ஒவ்வொருவன் தலைமேலும் ஒரு கால், ஒவ்வொருவன் காலடியிலும் ஒரு தலை என்பதை அம்பேத்கர் ஆராய்ந்து சொன்னார். இமையம் அதை ஒரு கிழவியின் மூட்டையாக்கிக் காட்டினார். இது எதிரிக்கு ஆயுதமா? ஏணியைக் கட்டியவன் யார் என்று தெரிந்தவனுக்கு எப்படி ஆயுதமாகும்?

எரிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். "நாமளே 'தீ பரவட்டும்'னு சொன்னவங்கதானே?" என்று கேட்டார் தோழர். சொன்னோம். 1943-இல். எப்படிச் சொன்னோம்? அண்ணா, சென்னைச் சட்டக்கல்லூரியில் இரா.பி.சேதுப்பிள்ளையை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு பேசினார். சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரை எதிரில் வைத்துக்கொண்டு பேசினார். கம்பனைக் கம்பரடியார்களைவிடக் கரைத்துக் குடித்துவிட்டுப் பேசினார். எதிரியின் வாயைக் கட்டவில்லை, மேடையைப் பங்கிட்டுக்கொண்டார். அதே அண்ணா 'ஆரிய மாயை' எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டார். ஏட்டுக்குத் தண்டனை என்றால் என்ன என்று பட்டறிந்த கூட்டம் நாம்! 2014-இன் இறுதியில் திருச்செங்கோட்டில் பெருமாள் முருகனின் 'மாதொருபாக'னை எரித்தார்களே, அவர்கள் வழியா நம் வழி? அந்த எழுத்தாளர் 2015 சனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தபோது, நாம் கண்டனக் கூட்டம் போட்டோம். 2016-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றபோது மகிழ்ந்தோம். பிறர் நாவலுக்கு ஒரு நீதி, நம்மைக் குத்தும் நாவலுக்கு ஒரு நீதியா?

தோழர் வாயடைத்து நின்றார். ஆனால் அவரைச் சொல்லி என்ன? அந்த நாவலைப் படித்த இரவில் நாமும்தான் வாயடைத்து நின்றோம்.

நம் தந்தையார் கருப்புச்சட்டைக்காரர். மாநாடு என்றால் முதல் நாளே கிளம்பிவிடுவார். நம் தெருவுக்குத் துணி வெளுத்தவர் ஒரு முதியவர். பத்து வயதுப் பையனாகிய நம்மை அவர் "சாமி" என்பார். நாம் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்போம். கொல்லைப்புறம்தான் அவருக்கு வாசல். வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, மடித்துக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் வைப்பார் – தந்தையாரின் கருப்புச்சட்டையை! சாதி ஒழிக என்று முழங்கிவிட்டு வந்த சட்டையை வெளுத்தவர், திண்ணையில் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை. தந்தையாரும் கூப்பிடவில்லை, நாமும் கூப்பிடவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இமையத்தின் நாவலைப் படிக்கும் வரை, அதிலே குற்றம் இருந்தது என்றுகூட நமக்குத் தோன்றியதில்லை. அவர் மாண்டு இருபது ஆண்டு ஆகிறது.

இதைச் சொன்னபோது படிப்பகத்தில் யாரும் பேசவில்லை. கலைஞர் ஆட்சியில் 2009-இல் புதிரை வண்ணாருக்கு நலவாரியம் அமைந்தது என்பதை எடுத்துச் சொன்னோம். சட்டம் நம்மால் வந்தது. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் நாவல் வந்த ஆண்டு 1994. பதினைந்தாண்டு முன்னதாக அவர்களின் பெயரை அச்சில் ஏற்றி, ஊரறியச் செய்தவர் நம் கூட்டத்து எழுத்தாளர் ஒருவர். அந்தப் பெருமையையும் எரிக்கவா சொல்கிறீர்கள்?

நயினார் எழுந்தார். "நேரமாச்சு தம்பி. மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். போகும்போது அலமாரியிலிருந்து 'ரங்கோன் ராதா'வை எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

காலையில் முதல் பேருந்து. வழியனுப்ப வந்தவர், எரிக்கவேண்டும் என்ற அதே தோழர்தான். கையில் 'கோவேறு கழுதைகள்'. "எங்க தெருவிலே இஸ்திரி வண்டி வெச்சிருக்கிற அக்கா இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் படிச்சுக் காட்டலாம்னு இருக்கேன். அது ஒத்துக்கிட்டா சரி, இல்லேன்னா உங்களைத்தான் வந்து பிடிப்பேன்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பூமணியின் 'அஞ்ஞாடி' கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். பையில் வைத்துவிட்டோம்.